வலது கைக்கு வந்த உயிர்

பக்கவாதத்தில் விழுந்துபோன திலீபனின் வலது கைக்கு, மின்சார ஊசிகள் வழியாக மனைவி சங்கவியின் கையசைவுகளையே பாடமாக ஏற்றினார்கள். ஒருநாள் அந்தக் கை தானே சோறு பிசைந்து அவருக்கு ஊட்டியது. சங்கவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் கை சும்மா இருக்கவில்லை. அவரையும் இழுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், எச்சில் தட்டைத் தேய்த்துக் கவிழ்த்து, அடுப்பு மேடையையும் துடைத்துவிட்டுத்தான் ஓய்ந்தது. கல்யாணமான நாள்முதல் தட்டிலேயே கைகழுவி எழுந்து பழகிய மனிதர், மறுநாளே மருத்துவமனைக்கு ஓடினார்.

“டாக்டரம்மா, கை எம்பேச்சைக் கேக்க மாட்டேங்குது!”

“இன்னும் கொஞ்சம் ஊசி பாக்கி இருக்கு சார். அதையும் போட்டா உங்க பழைய பழக்கமே திரும்பிரும்.”

கூட வந்திருந்த சங்கவி அவசரமாக எழுந்தாள்.

“வேண்டாம்மா. இவங்களுக்குப் பூரணமா குணமாயிட்டு.”