ஊசிக்காரியும் மாத்திரைக்காரியும்

"எனக்கும் ஊசிதான் வேணும். ஆரு தடுக்குறாங்கன்னு பாக்குறேன்!"

ஆவுடையம்மாள் மேசையில் அடித்த அடியில் நர்ஸ் சரோஜம்மாவின் சாயா கிளாஸ் துள்ளி விழுந்தது. மட்டாஞ்சேரி லேடி டாக்டரிடம் பிள்ளை வேண்டி வருகிறவர்களுக்கு ஒரு முறை உண்டு. காலையில் ஊசிக்காரிகள், சாயங்காலம் மாத்திரைக்காரிகள். ஆறு மாதமாகச் சாயங்காலம் வந்தவள், இன்று பொறுக்கமாட்டாமல் காலையிலேயே வந்து நின்றாள்.

"சேச்சி, மாத்திரையிலேயே உங்களுக்குக் கருமுட்டை நல்லா வருது. பின்னே எதுக்கு ஊசி? முதல்ல உங்க ஆளைச் சோதனைக்கு வரச் சொல்லுங்க. டாக்டர் எத்தனை தடவை சொல்லியாச்சு?"

"அவரா! ஊர்ல உள்ள மிளகு மூட்டையெல்லாம் குத்திச் சோதிப்பாரு. அவரைச் சோதிக்கணும்னா மட்டும், எங்க வம்சத்தையே சந்தேகப்படுறியான்னு சாடுவாரு."

பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் புருஷன் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை. அவர்தான் மிளகுத் தரகர் நல்லசிவம். ஓணத்துக்குள் வயிற்றில் ஒன்று தங்காவிட்டால் வேறொருத்தியைக் கட்டுவேன் என்று கெடு வைத்திருந்தார். ஊசி கேட்டால், "அந்த விலை நமக்குக் கட்டாது" என்பார். அவளுடைய சீர் எவர்சில்வர் தூக்கை எர்ணாகுளம் படகில் தொலைத்துவிட்டு வந்தபோது மட்டும் அந்தச் சிக்கனம் எங்கே போனதோ!

பெஞ்சில் ஒரு இளம்பெண், துண்டில் சுற்றிய எதையோ மடியில் வைத்திருந்தாள். எர்ணாகுளம் பக்கத்து வைட்டிலாக்காரி, பெயர் வீரலட்சுமி.

"நீ ஊசிக்காரியா? யோகக்காரிதான்!" ஆவுடையம்மாளின் குரலில் காந்தாரி மிளகாய் இருந்தது.

"யோகமா? நாலு மாசமாக் குத்து வாங்கி இடுப்பு சல்லடையாப் போச்சு. வயிறு வேற வீங்குது. உங்க மாத்திரை எப்படி சேச்சி?"

"உடம்பெல்லாம் தீயா எரியும். மாசம் ஒரு முட்டை."

"எனக்கு மூணும் நாலுமா வருதாம். வந்து என்ன? உங்களுக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

பம்பாயிலிருந்து வரவழைத்த ஊசி மருந்தைக் காட்டுகிறேன் என்று வீரலட்சுமி துண்டை விலக்கினாள். உள்ளே பனிக்கட்டி போட்ட எவர்சில்வர் தூக்கு. ஆவுடையம்மாளின் பார்வை மருந்துக்குப் போகவில்லை.

"இது உனக்கு ஏது?"

"எங்க வீட்டுக்காரர் கொண்டாந்தாரு. படகுல ஆரோ மறந்து வச்சிட்டுப் போனதாம்."

"இதுல என்ன வெட்டியிருக்குன்னு பாத்தியா?"

"எனக்கு மலையாளந்தான் வாசிக்கத் தெரியும். சாமி பேருன்னு அவரு சொன்னாரு."

"சாமி பேரில்லடி. என் பேரு. உன் வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"

"மிளகுத் தரகு... புதனும் சனியும்தான் வீட்டுக்கு வருவாரு."

வீரலட்சுமியின் முகம் வெளுத்தது. ஆவுடையம்மாளின் கை அவள் கொண்டையை நோக்கி உயர்ந்தது. உயர்ந்த கை பாதியில் நின்றது.

மாத்திரைக்கும் முட்டை, ஊசிக்கும் முட்டை. இரண்டு வீட்டிலும் தொட்டில் இல்லை. இரண்டு மூட்டையும் எடை குறைந்தால் தராசைப் பார்க்க வேண்டும் என்பது தரகன் பெண்டாட்டிக்குத் தெரியாதா?

கை இறங்கி வீரலட்சுமியின் மணிக்கட்டைப் பிடித்தது. "எந்திரி. மிளகு மார்க்கெட் பக்கந்தான். ஆளை இழுத்துட்டு வருவோம்."

உள்ளறைக் கதவைத் திறந்து சரோஜம்மா எட்டிப் பார்த்தாள். "அடுத்து சோதனைக்கு ஆரு?"

இரண்டு பெண்டாட்டிகளும் ஒரே குரலில் கத்தினார்கள்:

"நல்லசிவம்!"