வெறும் எச்சில்

"திமிர் பிடிச்சவன்! கூண்டைக் கழுவும்போது கடிச்சிருக்கு. ஊசி போட்டுக்கடான்னு காலைப் பிடிக்காத குறையா கெஞ்சினேன், கேட்கலையே!"

மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பொருமிக்கொண்டிருந்தார் பாம்புப் பண்ணை மேலாளர். செத்தவனைத் திட்டுவதில் ஒரு சௌகரியம், அவன் எதிர்த்துப் பேச மாட்டான்.

உள்ளே வெள்ளைத் துணிக்கடியில் கிடந்தவன் பன்னிரண்டு வருடமாக நாகங்களிடம் விஷம் எடுத்தவன். அவன் மனைவிக்கும் அதே பண்ணையில் அதே வேலை. பெஞ்சில் கல்லாகச் சமைந்திருந்தாள், கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

மருத்துவர் வெளியே வந்தார். "நேத்துதான் விஷம் எடுத்த பாம்புன்னீங்க. காலிப் பையில ஏதுங்க இவ்வளவு விஷம்?"

பண்ணை ஓட்டுநர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கூடப் பிறக்காத அண்ணன் மாதிரி.

"திமிரெல்லாம் இல்லம்மா. போன தடவை அந்த ஊசியே அவனை எமன் வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போச்சு. உடம்பெல்லாம் வீங்கி, மூச்சே நின்னு... அந்தப் பயம்."

"பலகையைப் பார்த்தாராண்ணா?"

"பார்க்காமலா? எந்தப் பாம்புக்கு என்னைக்கு விஷம் எடுத்ததுன்னு பார்த்துட்டுதானே வேணாம்னான். 'நேத்து என் பொண்டாட்டி எடுத்து டிக் போட்டிருக்கா. விஷப்பை நிரம்ப இன்னும் ரெண்டு வாரம் ஆகும். கடிச்சாலும் வெறும் எச்சில்தான்'னு சிரிச்சான். இமை தொங்கினப்பகூட, காய்ச்சல் அசதின்னான்."

அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேத்து முழுக்கக் காய்ச்சல்ல கிடந்தவன், இன்னைக்கும் லீவு போட்டிருக்கலாம். விதி. ஆனா உன் மேல எவ்வளவு நம்பிக்கை வச்சிருந்தான்! அதை நினைச்சு மனசைத் தேத்திக்கம்மா."

பாவம், ஆறுதல் சொல்வதாகத்தான் அவர் நினைத்தார். அவளோ உடைந்துபோய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள்.

"தனியாக் கிடக்காரேன்னு சீக்கிரமா வீட்டுக்கு ஓடிட்டேண்ணா... அந்தக் கடைசிப் பாம்புக்கு டிக் மட்டும்தான் போட்டேன்!"