முடியாத கணக்கு

பிரமிளா போனைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் ஞானவேலுக்கு வயிறு எரிந்தது. யாரோடு பேசுகிறாள் என்று மனைவியிடம் கேட்கத் தன்மானம் விடவில்லை. அவள் செய்தி அனுப்பும் செயலியின் பாதுகாப்பைப் பரிசோதிப்பதுதான் ஆபீசில் அவனுக்கு வேலை. ஆனாலும் அதில் போகும் செய்திகளில் ஓர் எழுத்தைக்கூட அவனால் படிக்க முடியாது; செய்திகளைச் சங்கேதமாக்கி அனுப்பும் பூட்டு அப்படி. அந்தப் பூட்டில் ஒரு கோளாறு இருப்பதை மட்டும் கண்டுபிடித்திருந்தான், இன்னும் ஆபீசில் சொல்லவில்லை. உள்ளே வருபவர் யாரென்று காட்டும் டிஜிட்டல் சான்றிதழில் ஒரு பொய் எண்ணை வைத்துவிட்டால், அதைச் சரிபார்க்கத் தொடங்கும் சர்வர் கணக்கை முடிக்க முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். வேறு யாரையும் கவனிக்காது. ஞாயிற்றுக்கிழமை மதியம், எதிர் சோபாவில் அவள் சிரித்துக்கொண்டிருந்தபோது, மடிக்கணினியிலிருந்து அந்தச் சான்றிதழை அனுப்பினான். சிரிப்பு நின்றது.

"என்னங்க, மெசேஜே போக மாட்டேங்குது. உங்க ஆபீஸ்ல ஏதாவது பிரச்சினையா?"

"எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும். போனை வெச்சிட்டு சாப்பிட வா."

அவள் வைக்கவில்லை. கட்டைவிரலால் திரையைக் கீழே இழுத்து விட்டாள், மறுபடி இழுத்தாள். சோறு ஆறியது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அதன் மேல் குனிந்திருந்த முகத்தை ஞானவேல் பார்த்தான். கல்யாணமான நாளிலிருந்து அவனுக்காக அவள் ஒருமுறைகூட அப்படிக் காத்திருந்ததில்லை.