வாயாடியின் போன்

“அந்த வைஃபை பெட்டியப் பிடுங்கி வீசிட்டுப் புதுசு ஒண்ணு மாட்டிட்டுப் போங்க தம்பி. எனக்கு அதப் பாக்கவே பிடிக்கல” என்றாள் அந்த வீட்டம்மா.

இன்டர்நெட் கம்பெனியிலிருந்து வந்த டெக்னீஷியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுப் போன மகளை நினைத்து அப்பா கண் கலங்கி நிற்கிறார். பெற்றவள் பேசுகிற பேச்சா இது?

“அவ கெடக்கா, நீங்க வாங்க” என்று அப்பா உள்ளே கூட்டிப்போனார். “வருஷம் ஒண்ணு ஆகப்போகுது தம்பி. நம்பரையும் மாத்திட்டா. ஆனா போன் மட்டும் அதே போன்தானாம், அவ சிநேகிதி சொன்னா. இந்தப் பக்கம் வந்தா நம்ம வைஃபைல அது தானா சேர்ந்துக்கும் இல்லையா?”

“பாஸ்வேர்டு மாத்தாம இருந்தா கண்டிப்பா சேரும் சார்.”

“சேர்ந்த உடனே எனக்குத் தெரியணும். என் பொண்ணு வாசல் வரைக்கும் வந்துட்டு, ஏறி வரப் பயந்துட்டுத் திரும்பிப் போயிடக் கூடாது பாருங்க. இதுக்காகவே இன்னிக்கு லீவு போட்டுட்டு உக்காந்திருக்கேன்.”

டெக்னீஷியனுக்கும் ஒரு மகள் உண்டு. இந்த வேலையை எப்பாடு பட்டாவது முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

ரவுட்டர் மகளின் அறையில் இருந்தது. கதவின் உள்பக்கத் தாழ்ப்பாளைக் கழற்றியிருந்தார்கள். திருகாணி ஓட்டைகள் மட்டும் மிச்சம். வெளிப்பக்கத் தாழ்ப்பாளை நீக்கி அப்பா கதவைத் திறந்துவிட்டார்.

தன் லேப்டாப்பை மடியில் வைத்து, செட்டிங்ஸ் பக்கத்தின் முகவரியை அடித்தான். சுற்றியது, சுற்றியது, கடைசியில் பக்கம் இல்லை என்று கைவிரித்தது. மறுபடி அடித்தான். அதே கதைதான்.

பார்த்தால், லேப்டாப் அவனுடைய சொந்தப் போனின் ஹாட்ஸ்பாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. தலையில் அடித்துக்கொண்டு அதை அணைத்தான். ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை இழுத்து லேப்டாப்பில் செருகியதும் பக்கம் வந்தது. வந்து, பாஸ்வேர்டு கேட்டது.

பெட்டியின் அடியில் அச்சடித்திருந்ததைப் போட்டான். தப்பு என்றது.

“உங்க பொண்ணு மாத்தி வச்சிருக்காங்க சார். பின்னாடி ஊசியால குத்தி ரீசெட் பண்ணினா உள்ள போயிடலாம்.”

“பண்ணிடுங்க, இப்பவே பண்ணிடுங்க” என்றாள் அம்மா, ஜன்னலோரம் நின்றபடி.

“ஆனா வைஃபை பாஸ்வேர்டும் அழிஞ்சிடும்மா. பழைய பாஸ்வேர்டு உங்களுக்குத் தெரியுமா சார்?”

“அவதான் என் போன்ல போட்டுக் குடுத்தா. எனக்கு என்ன தெரியும்?”

“அப்போ அவங்க போன் தானா சேராது.”

“கூடவே கூடாது!” அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வலித்தது. பாவம், பெத்த பாசம் என்று அவன் பொறுத்துக்கொண்டான்.

“நாளைக்கு வாங்களேன் தம்பி. இன்னிக்குப் போதும்” என்றாள் அம்மா.

இப்படியும் ஒரு தாயா என்று டெக்னீஷியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பதிலே சொல்லாமல் அப்பாவிடம் திரும்பினான். “சார், உங்க பொண்ணு லேப்டாப் ஏதாவது இங்க இருக்கா? அதுல பாஸ்வேர்டு பதிஞ்சிருக்கலாம்.”

“அது ரிப்பேர்” என்றாள் அம்மா.

“யார் சொன்னது?” அப்பா அலமாரியைத் திறந்து எடுத்து வந்தார். சார்ஜ் ஏற்றியதும் உயிர் வந்தது. திறக்க எந்தப் பாஸ்வேர்டும் கேட்கவில்லை. “இந்த வீட்ல யாரும் எதையும் என்கிட்டேர்ந்து பூட்டி வைக்கக் கூடாது தம்பி. அப்படிச் சொல்லித்தான் வளர்த்தேன்.”

அந்த லேப்டாப்பில் முகவரியை அடித்தான். பாஸ்வேர்டு கட்டத்தில் கறுப்புப் புள்ளிகள் தாமாகவே வந்து வரிசை கட்டின. அழுத்தினான். செட்டிங்ஸ் பக்கம் திறந்துகொண்டது.

உள்ளே ‘வாயாடி’ என்று ஒரு போன் பதிவாகியிருந்தது.

“அவதான்! எதிர்த்து எதிர்த்துப் பேசுவா, நான் வச்ச பேரு” என்று அப்பா நெஞ்சைத் தடவிக்கொண்டார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன.

‘வாயாடி’ சேர்ந்தால் அப்பாவின் போனில் மணி அடிக்கும்படி செய்து கொடுத்தான். அதோடு விடவில்லை. பெட்டியை ஜன்னல் திட்டில் வைத்தால் கீழே தெருக் கேட் வரைக்கும் எட்டும் என்று தூக்கிக்கொண்டு போனான்.

“கொஞ்சம் நகருங்கம்மா.”

அம்மா நகரவில்லை. தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் தோளுக்கு மேலாகக் கையை நீட்டிப் பெட்டியைத் திட்டில் வைத்தான்.

அவன் பையை மூடவில்லை, அதற்குள் அப்பாவின் போனில் மணி அடித்தது. திரையில் ‘வாயாடி’.

“சார்! வந்துட்டாங்க சார்!” டெக்னீஷியன் குதித்தே விட்டான். தன் கையால் ஒரு குடும்பம் ஒன்று சேர்கிறது என்று அவனுக்குப் புல்லரித்தது.

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டுக்கொண்டு, சத்தம் வராமல் படியிறங்கப் போனார்.

அம்மா ஜன்னல் கம்பியில் முகத்தை அழுத்திக் கீழே பார்த்து அலறினாள்.

“ஓடிடுடீ கண்ணு! அப்பா வீட்லதான் இருக்காரு!”