ஆரஞ்சுச் சட்டை

“இந்த மண் உங்களுடையது. நாங்கள் வெறும் விருந்தாளிகள்.”

காகிதத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஹால்வர்சனுக்கு நாலாவது வரியிலேயே குரல் உடைந்துவிட்டது.

அவர் வீட்டு வாசலில் இந்த மண்ணின் பூர்வகுடிகளான நாங்கள், ஓஜிப்வேக்கள் நாற்பது பேர், கையில் சூப்போடு நின்றிருந்தோம். சூப் ஆறிக்கொண்டிருந்தது. எந்தக் கூட்டம் போட்டாலும் முதலில் இதைப் படித்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். நல்ல மனுஷன். ‘எண்ணெய்க் குழாய் வேண்டாம்’ என்று அவர் நட்டு வைத்த பலகை, அவர் வீட்டுக் கூரையையே மறைத்தது.

அன்றைக்கு இரண்டு மணிக்கு அரசாங்க அதிகாரி வருவதாக இருந்தது. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஆமை ஏரியில் எங்கள் ஏரி நெல் விளைகிறது என்று அவர் கண்ணால் பார்த்து எழுதினால், குழாய் ஏரியைச் சுற்றிக்கொண்டு போகும். நெல் இல்லை என்றால் ஏரிக்கு அடியிலேயே போகும். இதற்காக எங்கள் வெர்னா மூன்று வருஷம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, தன் ஓட்டை பிக்கப் வண்டிக்கு இரண்டு தடவை எஞ்சின் மாற்றியிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து டெல்மர் வந்தான். வெர்னாவின் அத்தை மகன். வேலை குழாய்க் கம்பெனியில். போட்டிருந்ததும் கம்பெனியின் ஆரஞ்சுச் சட்டைதான்.

“வாங்க மச்சான்,” என்றாள் வெர்னா. “வழி தப்பி வந்துட்டீங்களா? இங்க தோண்ட ஒண்ணுமில்லையே.”

“உன் ரொட்டியத் தோண்டலாம்னு வந்தேன். போன தடவ அதுல என் பல்லு ஒண்ணு மாட்டிக்கிச்சு.”

எங்களில் அத்தை மகனும் மாமன் மகளும் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். ஆனால் அன்றைக்கு வெர்னா முகத்தில் சிரிப்பு இல்லை. அந்தச் சட்டையைப் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

பேராசிரியர் ஓடி வந்து வழியை மறித்தார். “மன்னிக்கணும். அந்தக் கம்பெனில சம்பளம் வாங்குறவங்கள உள்ள விட முடியாது. இது என் இடம்.”

“இப்பத்தான் எங்க இடம்னு படிச்சீங்க,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

ஒருத்திக்கு சூப் மூக்கு வழியாக வந்துவிட்டது. பேராசிரியர் காது வரை சிவந்து போனார்.

டெல்மர் எதையும் காதில் வாங்கவில்லை. “சார், உங்க படகுத் துறைக்கு முன்னால பச்சப்பசேல்னு நின்னுச்சே, அது எங்க?”

“அந்தக் களையா?” பேராசிரியர் முகம் மலர்ந்தது. “இன்னைக்கு அதிகாரி வர்றாங்கல்ல? நாலு நாள் வாடகைக்கு மெஷின் எடுத்து சுத்தமா அறுத்துட்டேன். வருஷா வருஷம் என் மோட்டார் படகுல சுத்திக்கும், சனியன். இப்ப போய்ப் பாருங்க, தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு.”



“அது களை இல்ல சார்,” என்றான் டெல்மர் மெதுவாக. “உங்க சூப்ல மிதக்குதே, அதான் அது.”

பேராசிரியர் தன் கிண்ணத்துக்குள் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

நாங்கள் வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடினோம். தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருந்தது. வெர்னா படியில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்றே தெரியவில்லை.

“போன வாரம்கூடப் பாத்தேனே. கதிர் வந்து நின்னுச்சு. கம்பெனிக்காரன் கைவச்சிருவானேன்னு பயந்தேன். இந்த மனுஷன் மேல எனக்கு சந்தேகமே வரலையே.”

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னதாகவே அதிகாரியம்மா வந்துவிட்டார். “நெல் எங்கே?” என்றார்.

பேராசிரியர் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். வெர்னா அவர் காலை நறுக்கென்று மிதித்தாள்.

“எதிர்க்கரைல இருக்கும்மா,” என்றான் டெல்மர். “வாங்க காட்டுறேன்.”

“எதிர்க்கரை கம்பெனி வேலிக்குள்ள இருக்கு மச்சான். மூணு வருஷமா நம்ம ஆளு ஒருத்தரையும் விட்டதில்ல.”

“இந்தச் சட்டைய விடுவான்.”

பதினோரு பிக்கப்புகள் வரிசையாகக் கிளம்பின. காவல்காரன் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்ததும் தடுப்பைத் தூக்கினான். பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்து முழித்தான். “எல்லாம் சொந்தக்காரங்க,” என்றான் டெல்மர். பேராசிரியரும் தலையை ஆட்டினார்.

கரையில் இறங்கினோம். குழாய் போகப்போகிற வழியைக் காட்டித் தண்ணீருக்குள் நீளமாகக் கம்பெனியின் கொடிகள் நின்றன. ஆனால் பாதிக் கொடிகள் கண்ணுக்கே தெரியவில்லை. அவற்றைச் சுற்றி நெஞ்சு உயரத்துக்கு நெல், கதிர் தலைசாய்ந்து நின்றது.

அதிகாரியம்மா முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு மணியை உரித்து வாயில் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கம் எழுதினார்.

எங்கள் ஆட்கள் தண்ணீரிலேயே ஆட ஆரம்பித்துவிட்டார்கள். பேராசிரியரும் ஆடினார். ஆடத் தெரியாமல் ஆடினார்.

வெர்னா மட்டும் கொடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “இங்க எப்பவும் நெல்லு கிடையாதே. வேலிக்குள்ள, அதுவும் சரியா குழாய் போற வழில, இதை யாரு விதைச்சது?”

டெல்மர் ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி, நாலாக மடித்து, பின்னாலேயே ஓடி வந்திருந்த காவல்காரன் கையில் கொடுத்தான். இனி அது டெல்மருக்கு வேண்டியிருக்காது.

“போன வருஷம் கொடி நட்டதே நான்தானே புள்ள,” என்றான். “கொடிக்கு ஒரு பிடி நெல்லும் போட்டுட்டு வந்தேன்.”