தபாலாபீஸ் வளைவு

“தடுப்பைப் போட்டுட்டாங்க டீச்சர். இனிமே ரோட்டைத் தாண்டி வீட்டுக்குப் போன மாதிரிதான்!” என்றார் கண்ணாடிக்காரர், ஜன்னலில் கடைசி டேப்பை ஒட்டியபடி.

“ஏழு வருஷமா மாட்டிக்கிறீங்க. இன்னுமா நேரம் பார்க்கத் தெரியலை?” என்றாள் டீச்சர்.

பந்தய நாளில் ஊர்ச் சாலைகளே கார்களின் ஓடுபாதை. காலையில் தடுப்பு விழுந்தால், அந்த வளையத்துக்குள் இருப்பவர்கள் சாயங்காலம் வரை சாலையைத் தாண்ட முடியாது. அதிர்வில் கண்ணாடி உடையாமலிருக்க ஜன்னல்களுக்கெல்லாம் டேப் ஒட்டுவது அவர் வேலை. தபாலாபீஸ் வளைவில் இருக்கும் டீச்சர் வீட்டு மாடியை மட்டும் எப்போதும் கடைசிக்கு வைத்துக்கொள்வார்.

முதல் கார் போனது. அறை மெல்ல நடுங்கியது. டேப்புகளுக்கு இடையே விழுந்த வெயில், தரையில் மீன்களாக நெளிந்தது. பிறகு அமைதி. அடுத்த கார் வர இரண்டு நிமிஷம்.

“மூணாவது வருஷம் மழை, ஞாபகம் இருக்கா? நீலக் கார் ஒண்ணு மூணு சுத்து சுத்தி, உங்க வாசப்படியில மூக்கை வச்சு நின்னுச்சு.”

“டிரைவர் இறங்கி, ஒண்ணுமே நடக்காத மாதிரி தண்ணி கேட்டார்.”

“நீங்க கொண்டு வந்து குடுத்தீங்க.”

“குடுத்தது அவருக்கு. வாங்கிக் குடிச்சது நீங்க!”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பின் மேல் இரண்டு கார்கள் ஓடின.

“அடுத்த வருஷத்துலேருந்து ஊருக்கு வெளியே புதுப் பாதையாம்” என்றார். “இங்கே இதுதான் கடைசி.”

“ம்.”

“எங்கக்கா எனக்கு ஒரு பொண்ணு பார்த்திருக்கா. நாளைக்குப் பதில் சொல்லணும். அதுக்கு முன்னாடி உங்ககிட்ட ஒண்ணு...”

கார்கள் வந்தன. அவர் உதடுகள் அசைந்தன. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

“என்ன சொன்னீங்க?”

“வெயில் ஜாஸ்தின்னேன்.”

பகல் இப்படியே கரைந்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் அவர் தொண்டையைச் செருமினார். ஒவ்வொரு சுற்றும் அதை விழுங்கிக்கொண்டு வளைவில் மறைந்தது.

சாயங்காலம் தடுப்பைத் தூக்கினார்கள். கண்ணாடிக்காரர் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ரப்பர் வாசனை மிதந்த சாலையில் காலை வைத்தபோது, மாடியிலிருந்து குரல் வந்தது.

“மேல வாங்க. உங்கக்காவுக்கு என்ன பதில்னு ரெண்டு பேருமா யோசிப்போம்.”

அவர் அண்ணாந்து பார்த்தார்.

“வருஷா வருஷம் ரோட்டைத் தாண்டிப் போய், மருந்துக் கடை வாசல்ல பத்து நிமிஷம் நின்னுட்டு, நான் உள்ளே போனதும் திரும்பி இந்தப் பக்கமே வர்றீங்களே, கால் வலிக்கலையா?” என்றாள் டீச்சர். “உங்க வீடு இதே பக்கம், எங்க பின் தெருவுலதான்னு எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும்!”