முப்பத்தாறு சிரிப்பு

"அந்தா நீங்க!" என்றாள் என் பெண்டாட்டி பொன்செல்வி.

டிவியில் நான் செத்துக் கிடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், கோழிக்குழம்பு சாப்பிட்ட கையோடு நம்ம பிணத்தை நாமே பார்க்க எத்தனை பேருக்குக் கொடுத்துவைக்கும்? எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கிரகத்துக்குக் கிரகம் சண்டை போடும் தொடர் அது. நான்காவது பாகத்தில் நம் ஆட்கள் ஏதோ ஒரு செம்மண் கிரகத்தில் தோற்றுப்போகிறார்கள். எதிரி யார் என்று இன்னும் காட்டவில்லை. பிணங்களை மட்டும் காட்டுகிறார்கள்.

அந்தப் பிணங்கள் நாங்கள்தான். போன சித்திரையில், நாங்கள் பிழைக்க வந்த மலையாள ஊரில், கழக்கூட்டம் ஜங்ஷனில் கூலி வேலைக்கு நின்றிருந்த நாற்பது பேரை வேனில் ஏற்றி ஒரு கல்குவாரிக்குக் கொண்டுபோனார்கள். சாம்பல் நிற உடுப்பை மாட்டி, முகத்தில் கரியைப் பூசி, அசையாமல் கிடக்கச் சொன்னார்கள். சாரத்தில் நின்று சுவர் பூசுகிறவனுக்குப் படுத்துக் கிடப்பது ஒரு வேலையா? நான் குறட்டையே விட்டுவிட்டேன்.

முடிந்ததும் படக் கம்பெனி மேனேஜர் ஆறுமுகசாமி அண்ணாச்சி ஒவ்வொருவர் முகத்துக்கு நேராகவும் செல்போனை நீட்டினார். "செத்த மாதிரி கிடந்தவன் சிரிக்காம வீட்டுக்குப் போகக் கூடாதுடே. பல்லக் காட்டு."

சினிமாக்காரர்களின் வழக்கமாம். சிரித்த முகத்தைப் படம் பிடித்துவிட்டால், நடித்த சாவு அங்கேயே கழிந்துவிடும். நானும் பல்லைக் காட்டினேன்.

என்னோடு சாரம் ஏறுகிற திரவியம் மட்டும் சிரிக்கவில்லை. தென்காசி பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று முகத்துக் கரியோடு ஓடினான். ஆடியில் ஒன்பதாவது மாடியிலிருந்து விழுந்து செத்தான். ஹெல்மெட்டின் வாரைக் கட்டாததுதான் காரணம் என்று எல்லோரும் சொன்னோம். பொன்செல்வி மட்டும் அதை நம்பவில்லை. அண்ணாச்சியிடம் கேட்டு, நான் சிரித்த படத்தைத் தன் போனில் வாங்கி வைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் மடியில் என் மஞ்சள் ஹெல்மெட் இருந்தது. அதன் வார் நேற்று அறுந்துபோயிருந்தது. நாளைக்குப் பதினாலாவது மாடியில் வெளிப்பூச்சு. கடைக்குப் போகச் சோம்பல்பட்டு, தன் பழைய சேலையின் வாடாமல்லிக் கரையைக் கிழித்து, மடித்து, வாராகத் தைத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் கேமரா மேலே மேலே போனது. நாற்பது பேர் ஆயிரம் பேர் ஆனோம்.

அவள் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினாள்.

"இதுவும் நீங்கதான். அந்தா, தலைகீழா கிடக்கதும் நீங்க."

உடனே அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். "ஆமாடே, கம்ப்யூட்டர்ல போட்டுப் பெருக்கிட்டானுவ. ஒனக்கென்ன, வலிக்கா?" என்று சிரித்தார்.

பொன்செல்வி சிரிக்கவில்லை. டிவி பக்கத்தில் போய், ஊசி முனையால் ஒவ்வொரு முகமாகத் தொட்டு எண்ணினாள். நான் முப்பத்தாறு இடத்தில் செத்துக் கிடந்தேன்.

"ஒரு சிரிப்பு எத்தன சாவுக்குங்க தாங்கும்?"

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா?"

"ஒண்ணு அன்னைக்கே சிரிச்சாச்சு. மிச்சம் முப்பத்தஞ்சு. சிரிக்காம நாளைக்கு நீங்க சாரம் ஏறக் கூடாது."

கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் வேலைக்குப் போகாதே என்று அவள் சொன்னதே இல்லை. பார்க்கப் பாவமாக இருந்தது.

சரி, சிரித்துத் தொலைப்போம் என்று உட்கார்ந்தேன். அவள் ஒரு பிணத்தைத் தொடுவாள், போனைத் தூக்குவாள், நான் சிரிப்பேன். முதல் பத்து விளையாட்டாகப் போனது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அம்மிணி சேச்சி, "எந்தா செல்வா, லாட்டரி அடிச்சோ?" என்று என்னைக் கேட்டாள். அதற்கும் சேர்த்துச் சிரித்தேன்.

இருபதுக்கு மேல் விலா வலித்தது. முப்பதில் தொண்டை கட்டிவிட்டது. வாயிலிருந்து வந்த சத்தம் எனக்கே யாரோ சிரிப்பதுபோல இருந்தது. அம்மிணி சேச்சி ஜன்னலைச் சாத்தும் சத்தம் கேட்டது.

முப்பத்தைந்தும் முடிந்தது.

பொன்செல்வி பெருமூச்சு விட்டாள். தையலுக்குக் கடைசி முடிச்சைப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து, வாரைத் தாடைக்குக் கீழே இழுத்துக் கட்டினாள். "இனிமே ஒண்ணும் அண்டாது" என்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதுபோல அவள் முகம் தெளிந்திருந்தது. எனக்கும் மனசு லேசானது.

எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை எண்ணினாள்.

முப்பத்தேழு.

"இவன் முந்தி இல்ல" என்றாள் மெதுவாக.

ஊசி திரையின் ஓரத்தில் நின்றது. உடைந்து கிடந்த விண்கலத்துக்கு அடியில் ஒருவன் மல்லாந்து கிடந்தான். நான் எழுந்துபோய்க் குனிந்து பார்த்தேன்.

என் முகம்தான். ஆனால் கரி இல்லை. சாம்பல் உடுப்பும் இல்லை. தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

அதன் வார் வாடாமல்லி நிறத்தில் இருந்தது.

பொன்செல்வி போனைத் தூக்கினாள். என் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

"சிரிங்க" என்றாள். "ஏங்க, சிரிங்க."

வாயைத் திறந்தேன். தாடைக்குக் கீழே வார் இறுக்கிப் பிடித்திருந்தது. சிரிப்பு வரவில்லை.